லூபஸ், முடக்குவாதம், மரபணு மேல் விழும் குறிகள்: டர்பன் தமிழர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். லூபஸ், முடக்குவாதம், தைராய்டு போன்ற நோய்களுக்கான சோதனைகள்தான் என் அன்றாட வேலை. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போனால் யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, "மகளுக்கு இப்படிச் சொல்லிவிட்டார்கள், இது எதனால்?" என்று கேட்பார்கள். இப்போது எபிஜெனெடிக்ஸ் என்ற பேச்சு வாட்ஸப்பிலும் வந்துவிட்டது. அதைச் சொல்லி மாத்திரை விற்பவர்களும் வந்துவிட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தன்னெதிர்ப்பு நோய் என்றால் என்ன?

கிருமியை அடிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் சொந்த உடம்பையே அடிப்பது. மூட்டை அடித்தால் முடக்குவாதம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அடித்தால் முதல் வகைச் சர்க்கரை நோய். தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம் என்று பல இடத்தில் கைவைத்தால் லூபஸ்.

இதில் எபிஜெனெடிக் மாற்றம் எங்கே வருகிறது? மரபணு கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. டிஎன்ஏவின் எழுத்துகள் அப்படியே இருக்கும். எந்த மரபணு வேலை செய்யலாம், எது சும்மா இருக்க வேண்டும் என்று அதன் மேல் போட்டிருக்கும் குறிகள்தான் மாறுகின்றன. இதைத்தான் எபிஜெனெடிக் மாற்றம் என்கிறோம்.

நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் இருக்கும் டிபி போர்டை, அதாவது மெயின் ஸ்விட்சுகள் இருக்கும் மின்பெட்டியை, நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இரண்டு வீட்டிலும் ஒரே வயரிங். ஆனால் ஒரு வீட்டில் கீசர் ஸ்விட்சைக் கீழே தள்ளி, யாரும் தொடக்கூடாது என்று மேலே டேப் ஒட்டியிருப்பார்கள். இன்னொரு வீட்டில் அதே ஸ்விட்ச் மேலே நிற்கும். கல்லீரல் அணுவுக்கும் வெள்ளை அணுவுக்கும் இருக்கும் வேறுபாடும் இப்படித்தான்: டிஎன்ஏ ஒன்று, டேப் ஒட்டிய இடங்கள் வேறு.

அந்த டேப் பெரும்பாலும் மெத்தில் என்னும் சின்ன வேதிக்கூறு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். டிஎன்ஏவில் சைட்டோசின் என்னும் எழுத்துக்குப் பக்கத்தில் குவானின் வரும் இடங்களில் அது ஒட்டும். ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் நிறைய ஒட்டினால் அந்த மரபணு பொதுவாக அடங்கிவிடும். இன்னொரு வகைக் குறி ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் விழுகிறது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருண்டையைச் சுற்றி 147 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏ சுருண்டிருக்கும். அந்தச் சுருள் இறுகினால் மரபணு அடங்கும், தளர்ந்தால் பேசும். தன்னெதிர்ப்பு நோய்களில் மெத்திலைப் பற்றித்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதால் நானும் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறியை எப்படிப் பார்க்கிறார்கள்?

ஃபைக்கால் என்ற அடர்த்தியான திரவத்தின் மேல் ரத்தத்தைக் குழாயின் ஓரமாக மெதுவாக விட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். அப்புறம் இயந்திரத்தில் சுழற்ற வேண்டும். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணு, மேலே மஞ்சளாகப் பிளாஸ்மா, நடுவில் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் மெல்லிய ஒரு வளையம் தெரியும். நமக்கு வேண்டிய வெள்ளை அணுக்கள் அந்த வளையத்தில்தான் இருக்கின்றன. அதைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்து, காந்த மணிகளை வைத்து டி செல் தனி, பி செல் தனி என்று பிரிப்பார்கள். இரண்டுமே வெள்ளை அணு வகைகள்.

பிறகு டிஎன்ஏவில் பைசல்ஃபைட் சேர்ப்பார்கள். மெத்தில் ஒட்டாத சைட்டோசின் அதில் வேறு எழுத்தாக மாறிவிடும். மெத்தில் ஒட்டியது மாறாது. முன்னும் பின்னும் படித்து ஒப்பிட்டால் எங்கே குறி இருந்தது என்று தெரிந்துவிடும். செல்களை முதலில் பிரிப்பது மிக முக்கியம். ஒவ்வொரு வகை வெள்ளை அணுவுக்கும் குறிகள் வேறு. எல்லாவற்றையும் கலந்து அளந்தால், நோயால் வந்த மாற்றமா, ஒரு வகை அணு எண்ணிக்கையில் கூடியதால் வந்த மாற்றமா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "எச்சிலை அனுப்புங்கள், உங்கள் எபிஜெனெடிக் நிலையைச் சொல்கிறோம்" என்னும் விளம்பரங்களை நான் நம்பாததற்கு இது ஒரு காரணம்.

லூபஸில் வெள்ளை அணுக்களுக்குள் என்னதான் நடக்கிறது?

இந்தக் கதை மாத்திரையில் தொடங்குகிறது. இதயத் துடிப்புக்குத் தரும் புரோகெய்னமைடு, ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரலசின் ஆகிய இரண்டும் சிலருக்கு லூபஸ் மாதிரியே ஒரு நோயைக் கொண்டுவரும் என்பது டாக்டர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். ஏன் என்பதுதான் தெரியாமல் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ரிச்சர்ட்சனும் அவருடைய குழுவும் 1980களில் டி செல்களை எடுத்து, மெத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்னும் மருந்தை அதில் விட்டுப் பார்த்தார்கள். அதுவரை அமைதியாக இருந்த டி செல்கள் சொந்த உடம்பின் அணுக்களுக்கு எதிராகவே திரும்பின. 1988இல் புரோகெய்னமைடும் ஹைட்ரலசினும் அதே வேலையைத்தான் செய்கின்றன என்று காட்டினார்கள். 1990இல், மாத்திரை எதுவும் காரணமில்லாத சாதாரண லூபஸ் நோயாளிகளின் டி செல்களிலும் மெத்தில் குறைந்திருப்பதைக் கண்டார்கள். பிறகு அப்படி மெத்தில் குறைத்த டி செல்களை எலிகளுக்குள் செலுத்தியபோது அவற்றுக்கும் லூபஸ் போன்ற நோய் வந்தது.

இந்த வரிசை எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியிடம் ஒரு மாற்றத்தைக் கண்டால் அது நோயின் காரணமா விளைவா என்று எப்போதும் சந்தேகம் வரும். இங்கே மாற்றத்தை முதலில் உண்டாக்கி, நோய் பின்னால் வருவதைப் பார்த்திருக்கிறார்கள்.

மெத்தில் எங்கே குறைகிறது என்பதையும் கண்டிருக்கிறார்கள். டி செல் மற்ற அணுக்களோடு ஒட்டிக்கொள்ள உதவும் சிடி11ஏ, பி செல்லைத் தூண்டிவிடும் சிடி70, சிடி40எல் ஆகிய மரபணுக்களில் டேப் கழன்றுவிடுகிறது. தூண்டப்பட்ட பி செல்கள் நம் டிஎன்ஏவுக்கே எதிரான ஆன்டிபாடிகளை, அதாவது தாக்கும் புரதங்களை, செய்கின்றன. நடுக்கருவுக்கு எதிரான ஆன்டிபாடிகளைத் தேடும் ஏஎன்ஏ சோதனையில் நான் நுண்ணோக்கியில் பார்க்கும் பச்சை ஒளி இப்படிப்பட்ட ஆன்டிபாடிகள் ஒட்டிய இடம்தான். கண்ணாடித் தகட்டில் இருக்கும் மனித அணுக்களின் நடுக்கரு மட்டும் பளிச்சென்று ஒளிரும்.

இன்னொன்றும் உண்டு. வைரஸ் வந்தால் வேலை செய்ய வேண்டிய இன்டர்ஃபெரான் மரபணுக்களில், இன்னும் எந்தச் சண்டைக்கும் போகாத புது டி செல்களில்கூட டேப் கழன்றிருப்பதை 2013இல் கண்டார்கள். லூபஸ் உள்ளவருக்குச் சின்ன காய்ச்சல் வந்தால்கூட நோய் தலைதூக்குவது ஏன் என்று இதை வைத்து ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் மெத்திலைக் கூட்ட மாத்திரை சாப்பிட்டால் போதுமே? ஃபோலிக் அமிலம் நல்லதாமே?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். மெத்தில் அதிகம் என்றால் நல்லது, குறைவு என்றால் கெட்டது என்று இல்லவே இல்லை. எந்த அணுவில், எந்த இடத்தில் என்பதுதான் கணக்கு.

நம் உடம்பில் மற்ற வெள்ளை அணுக்களை அடக்கிவைக்கும் ஒரு வகை டி செல் உண்டு. ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி 1995இல் அவற்றை அடையாளம் காட்டினார். அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் ஃபாக்ஸ்பி3 என்னும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அந்த அடக்கும் செல்களை நடத்துவது இந்த மரபணுதான் என்று பிறகு தெரிந்தது. மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த ஃபாக்ஸ்பி3 நிலையாக வேலை செய்ய, அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மெத்தில் இல்லாமல் இருக்க வேண்டும். அங்கே மெத்தில் ஏறினால் அடக்கும் செல் தன் வேலையை மறந்துவிடும். அதாவது சிடி70இல் டேப் இருக்க வேண்டும், ஃபாக்ஸ்பி3இல் இருக்கக் கூடாது. வாயில் போட்டு விழுங்கும் எந்த மாத்திரைக்கும் இந்த வித்தியாசம் தெரியாது.

ஃபோலிக் அமிலம் மெத்தில் தயாரிக்க உதவும் என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் மீலி (மக்காச்சோள) மாவிலும் ரொட்டி மாவிலும் சட்டப்படி அதைச் சேர்க்கிறார்கள். மீலி மாவில் பாப் என்னும் களி கிண்டிச் சாப்பிடும் வீட்டில் ஏற்கெனவே கொஞ்சம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்களுக்கு டாக்டர் ஃபோலிக் அமிலம் தருவது, வாய்ப்புண், குமட்டல் போன்ற பக்க விளைவுகளைக் குறைக்க. அதை அவர் சொன்னபடி எடுங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் பற்றி இன்னொரு வார்த்தை: அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மருந்து. தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வயதானவர்கள் எடுத்தால் எந்தக் கிழமை என்று மாத்திரைப் பெட்டியின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பெண்களுக்கே ஏன் அதிகம்?

லூபஸில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். ஹார்மோனுக்குப் பங்கு உண்டு, ஆனால் எக்ஸ் குரோமோசோமுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். அதில் ஒன்றை ஒவ்வோர் அணுவும் எபிஜெனெடிக் முறையில் மூடிவைக்கிறது. மூடியது சரியாக மூடவில்லை என்றால் சிடி40எல் போன்ற மரபணு இரண்டு பக்கமிருந்தும் பேசத் தொடங்கும். வைரஸைக் கண்டுபிடிக்கும் டிஎல்ஆர்7 மரபணுவும் அந்த மூடலிலிருந்து சில அணுக்களில் தப்பிவிடுகிறது. கூடுதலாக ஓர் எக்ஸோடு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிட ஏறக்குறைய 14 மடங்கு என்று 2008இல் கணக்கிட்டார்கள். எக்ஸை மூடும் 'எக்ஸிஸ்ட்' என்னும் ஆர்என்ஏவும் (ஆர்என்ஏ என்பது டிஎன்ஏவைப் பார்த்து எடுக்கும் நகல்) அதில் ஒட்டியிருக்கும் புரதங்களுமே தன்னெதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று 2024இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டினார்கள்.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், நம் வீடுகளில் இந்த நோய் வந்த பெண்ணையே குற்றம் சொல்லும் பழக்கம் இன்னும் போகவில்லை. தோஷம், கண்ணூறு, யாரோ செய்துவைத்தது, தீட்டு நாளில் கோயிலுக்குப் போனது என்று என்னென்னவோ சொல்வார்கள். அந்தப் பெண் ஏற்கெனவே மூட்டு வலியோடும் களைப்போடும் இருக்கிறாள். அவள் செய்த எதற்கும் இது தண்டனை இல்லை.

மரபணுவில் இருந்தால் வந்தே தீருமா?

வராது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது ஏறத்தாழ 24 சதவீதம் பேருக்குத்தான் என்று 1992இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது. முடக்குவாதத்தில் அது இன்னும் குறைவு, சுமார் 12 முதல் 15 சதவீதம். டிஎன்ஏ ஒன்றாக இருந்தும் முக்கால்வாசிப் பேர் தப்பிக்கிறார்கள். 2010இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் இப்படி ஒருவருக்கு மட்டும் லூபஸ் வந்த இரட்டையரை எடுத்து வெள்ளை அணுக்களை ஒப்பிட்டார்கள். நோய் வந்தவரிடம் நோயெதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றில் மெத்தில் குறைந்திருந்தது.

கரும்புத் தோட்டத்தில் நம் முன்னோர் பட்ட துன்பம் நம் அணுக்களில் இருக்கிறது என்கிறார்களே?

இளைஞர்கள் இதை உணர்ச்சியோடு கேட்கிறார்கள், நானும் மதித்தே பதில் சொல்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கினார்கள். அவர்கள் பட்டது மறக்கக் கூடாத துன்பம்.

ஆனால் அறிவியல் சொல்வது இவ்வளவுதான்: 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கு, அறுபது ஆண்டு கழித்தும் ஐஜிஎஃப்2 என்னும் மரபணுவில் மெத்தில் சற்றுக் குறைவாக இருந்தது. அவர்கள் கருவிலேயே பஞ்சத்தைப் பட்டவர்கள். நான்கைந்து தலைமுறை தாண்டி அப்படி ஒரு குறி வரும் என்பதற்கு மனிதர்களில் உறுதியான சான்று இல்லை. விந்தும் கருமுட்டையும் உருவாகும்போது ஒரு முறை, கரு உருவானதும் இன்னொரு முறை என்று பெரும்பாலான குறிகள் அழிக்கப்படுகின்றன. பாட்டனார் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மகளின் லூபஸுக்குக் காரணமாக அதைச் சொல்லாதீர்கள்.

புகைபிடிப்பதற்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். முடக்குவாதத்துக்குச் சாதகமான எச்எல்ஏ வகை மரபணு உள்ளவர் புகைபிடித்தால் ஆபத்து பல மடங்கு ஏறும். புகை வெள்ளை அணுக்களின் மெத்தில் குறிகளை மாற்றுகிறது. ஏஎச்ஆர்ஆர் என்ற மரபணுவில் அந்த மாற்றம் எவ்வளவு தெளிவாக விழும் என்றால், ரத்தத்தைப் பார்த்தே ஒருவர் புகைபிடிப்பவரா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிறுத்தினால் ஆண்டுகள் போகப்போக அந்தக் குறி பழைய நிலையை நோக்கித் திரும்புகிறது. சித்தப்பா, மாமா யாராவது "இனிமேல் விட்டு என்ன பயன்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

சுரங்க வேலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மா நோய் வருவதை எராஸ்மஸ் என்னும் மருத்துவர் 1957இலேயே எழுதிவைத்தார். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா முடக்குவாதத்தையும் லூபஸையும்கூடத் தூண்டும். கல் உடைக்கும், கல் அறுக்கும் வேலை செய்தவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவராகக் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.

லூபஸ் உள்ளவர் காவடி எடுக்கலாமா?

ஊரில் தைப்பூசம் இதமான பருவத்தில் வரும். இங்கே அது ஜனவரி, பிப்ரவரியில், உச்சக் கோடையில் வருகிறது. டர்பன் வெயிலில் புற ஊதாக் கதிர் அந்த மாதங்களில் மிகக் கடுமை. அந்தக் கதிர் தோல் அணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் டிஎன்ஏவை வெளியே கொட்டுகிறது. ஏற்கெனவே டிஎன்ஏவுக்கு எதிரான ஆன்டிபாடி வைத்திருக்கும் உடம்பு அதைக் கண்டு கொதிக்கும். போதாததற்கு லூபஸ் டி செல்களில் புற ஊதாக் கதிர் பட்டால் மெத்தில் இன்னும் குறைவதையும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இந்த நோயாளிகளுக்கு வெயில் வெறும் தோல் பிரச்சினை இல்லை. ஒரு பகல் வெயிலில் நின்றுவிட்டு அடுத்த வாரம் சிறுநீரகத் தொல்லையோடு ஆஸ்பத்திரிக்குப் போகவும் நேரலாம்.

நோய் அடங்கியிருந்து, டாக்டரும் சரி என்றால், விடியற்காலையில் பால்குடம் எடுத்துவிட்டு நிழலுக்கு வந்துவிடலாம். முழுக்கை உடை, தொப்பி அல்லது முக்காடு, எஸ்பிஎஃப் 50 களிம்பு வேண்டும். அலகு குத்துவது வேண்டாம் என்றே சொல்வேன். ஸ்டீராய்டு எடுப்பவருக்குப் புண் ஆறாது, கிருமி எளிதில் ஏறும். விரதத்துக்காக மாத்திரையை விடுவதும் கூடாது. புரட்டாசி மாதம் முழுக்கச் சைவமாக இருப்பதில் தவறே இல்லை.

ரத்த அழுத்த மாத்திரை, காசநோய் மாத்திரை லூபஸைக் கொண்டுவருமா?

ஹைட்ரலசின் அதிக அளவில் நீண்ட நாள் எடுக்கும் சிலருக்கு வரலாம். காசநோய் வராமல் தடுக்க இங்கே பரவலாகத் தரும் ஐசோனியசிட்டும் அரிதாக அப்படிச் செய்யும். மூட்டு வலி, காய்ச்சல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலி வந்தால் மருந்து கொடுத்த கிளினிக்கிலேயே சொல்லுங்கள். டாக்டர் மருந்தை மாற்றினால் சில வாரம் அல்லது மாதத்தில் இந்த வகை பெரும்பாலும் மறைந்துவிடும். பயந்துபோய் காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த நாட்டில் காசநோய்தான் பெரிய ஆபத்து.

எபிஜெனெடிக் சோதனை, எபிஜெனெடிக் மருந்து ஏதாவது வந்திருக்கிறதா?

சோதனையில் முன்னேற்றம் இருக்கிறது. ஐஎஃப்ஐ44எல் என்னும் மரபணுவின் மெத்தில் அளவைப் பார்த்து லூபஸைக் கண்டுபிடிக்கும் முறையைச் சீன ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். முடிவுகள் நன்றாக இருந்தன. இங்கே வழக்கமான சோதனை இன்னமும் ஏஎன்ஏ, டிஎஸ்டிஎன்ஏ ஆன்டிபாடி (டிஎன்ஏவுக்கு எதிரானது), காம்ப்ளிமென்ட் (ரத்தத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்கள்), சிறுநீர்ப் புரதம்தான். சிறுநீர்ச் சோதனை மலிவானது, ஆனால் பலர் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.

இன்னொரு குறையும் எனக்கு வருத்தம் தருகிறது. ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினருக்கு லூபஸ் அதிகமாகவும் கடுமையாகவும் வருகிறது. ஆனால் மரபணு ஆராய்ச்சிக்கு எடுக்கும் ரத்தத்தில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. உங்கள் ஆஸ்பத்திரியில் முறையான ஒப்புதல் தாளோடு ஆய்வுக்கு ரத்தம் கேட்டால், கேள்வி கேட்டுத் தெளிந்த பிறகு கொடுங்கள்.

மருந்து விஷயத்தில் அசாசைட்டிடின் போன்றவை ரத்தப் புற்றுநோய் வகைகளுக்குத்தான் பயன்படுகின்றன. லூபஸுக்குக் கொடுத்தால் நோய் கூடத்தான் வாய்ப்பு. வேடிக்கை என்னவென்றால் பழைய மெத்தோட்ரெக்ஸேட்டே ஓர் எபிஜெனெடிக் வேலை செய்கிறது. முடக்குவாத நோயாளிகளின் அடக்கும் டி செல்களில் ஃபாக்ஸ்பி3 பகுதியின் மெத்திலைக் குறைத்து அவற்றைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவருகிறது என்று 2015இல் கண்டார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில், நோயாளியின் சொந்த டி செல்களையே மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையால் கடும் லூபஸ் நோயாளிகளின் பி செல்களை அழித்து, புதிதாக வளர விட்டார்கள். 2022இல் வெளியான ஐந்து பேரின் முடிவுகளில் ஐவருக்கும் நோய் அடங்கியிருந்தது. நம் பொது மருத்துவமனைக்கு அது வர நாளாகும்.

மருமகளுக்கு லூபஸ். குழந்தை பெறலாமா? பிள்ளைக்கும் வருமா?

பெறலாம். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது கருத்தரிப்பது நல்லது. லூபஸ் உள்ள தாய்மார்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு லூபஸ் வருவதில்லை. திட்டமிடும்போதே டாக்டரிடம் போக வேண்டும். ஏனென்றால் மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட் இரண்டும் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே மாற்ற வேண்டும். ஆன்டி-ரோ என்னும் ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் நூறில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு வயிற்றிலேயே இதயத் துடிப்பு குறையலாம் என்பதால், நான்காம் மாதத்திலிருந்து குழந்தையின் இதயத்தை ஸ்கேனில் அடிக்கடி கவனிப்பார்கள். லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைப் பெரும்பாலும் பிரசவம் வரை தொடரச் சொல்வார்கள். கர்ப்பத்தில் மாத்திரையே கூடாது என்று பெரியம்மா, மாமி யார் சொன்னாலும், டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்த விடாதீர்கள்.